இந்த போல்ட்டை அடுத்து யார் கழற்றுவார்?

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஐந்து போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினேன். பைக்கின் முன்சக்கர டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. புது டிஸ்க் வாங்கி வைத்திருந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை மாட்ட அரைமணி நேரம் போதும். காலையில் இட்லி சாப்பிடுவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் போல்ட்டில் ஆலன் கீயை வைத்துத் திருகினேன். அசையவில்லை. கீயின் வாலில் ஒரு பைப் துண்டை மாட்டி மறுபடி திருகினேன். 'நறுக்' என்று சத்தம் வந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்துக் கீயை எடுத்துப் பார்த்தால், போல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் தலைக்குள் இருந்த அறுகோணக் குழிதான் வழித்துக்கொண்டு வட்டமாகிவிட்டது. மத்தியானத்துக்குள் மூன்று போல்ட் அப்படிப் போயிற்று. மிச்சம் இரண்டைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சக்கரத்தை டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் படுக்கப் போட்டு, மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணாச்சி சக்கரத்தைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"மரையில என்ன போட்ட?"

"செவப்பு லாக்டைட் அண்ணாச்சி."

"ஏன் செவப்பு?"

"பிரேக்குல்லா. எது ரொம்ப ஸ்ட்ராங்கோ அதக் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன்."

"பிரேக்கு போல்ட்டு கழலக் கூடாது, சரிதான். ஆனா டிஸ்க்கு தேயுற சாமான்லா? தேயுறத என்னைக்காவது மாத்தித்தான ஆகணும். இத அடுத்து யாரு கழட்டுவா, எத வச்சுக் கழட்டுவான்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த போல்ட்டுகளை மாட்டியவன் நான்தான். கழற்றப்போகிறவனும் நான்தான் என்பது அப்போது மனதில் வரவே இல்லை. அவர் போல்ட் தலைகளை டிரில் போட்டு எடுத்தார். டிஸ்க் தனியே வந்ததும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் துண்டுகளை ஹாட் ஏர் கன்னால் நன்றாகச் சூடுபண்ணி, கிரிப் பிளையரால் பிடித்து மெதுவாகச் சுற்றி வெளியே எடுத்தார். அலாய் வீலின் மரை தப்பித்தது. சூட்டில் ஆயில் சீல் கெட்டுப்போய், பேரிங்கின் கிரீஸ் உருகி வெளியே வந்துவிட்டதால் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. எங்கள் பக்கம் இப்போது எல்லோரும் த்ரெட் லாக், அதாவது லாக்டைட் மாதிரி மரையைப் பூட்டும் பசை, வாங்குகிறார்கள். ஊரில் கல்லூரி இருக்கிறது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிக்கு வரும் பையன்களின் பைக்குகள் வாசலில் வரிசையாக நிற்கும். யூடியூப் பார்த்துத் தாங்களே சாமான் மாற்றுகிறார்கள். நல்ல விஷயம், நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் எல்லோரும் கடையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எது ஸ்ட்ராங்?

நட்டு ஏன் கழலுகிறது என்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பசை வேலை செய்யும் இடம் அதுதான். ஒரு போல்ட்டை முறுக்கும்போது அது இழுபட்டு, நூல் அளவுக்கும் குறைவாக நீளுகிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவைதான் இரண்டு சாமான்களையும் அழுத்திப் பிடிக்கிறது. மரைக்கு மரை உராய்வு இருப்பதும் அந்த அழுத்தத்தால்தான். அழுத்தம் இருக்கும்வரை நட்டு கழலாது.

கரிசல் காட்டு வண்டித்தடத்தில் போகும்போது வண்டி மேலும் கீழும் குதிப்பதுதான் நட்டைக் கழற்றுகிறது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் என்ஜினியர் 1969-இல் ஒரு சோதனை இயந்திரத்தை வைத்து வேறொன்றைக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் ஆட்டத்தைவிட, அதற்குக் குறுக்கே வரும் ஆட்டம்தான் நட்டை வேகமாகக் கழற்றுகிறது. அழுத்திப் பிடித்த இரண்டு தகடுகளும் குறுக்கே துளி வழுக்கினால் போதும்; அந்தச் சமயத்தில் மரையின் உராய்வு கைவிட்டுவிட, மரையின் சரிவிலேயே நட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிச் சுற்றுகிறது. இன்றைக்கும் நட்டுகளின் கழலாத திறனைச் சோதிக்கும் முறைக்கு யுங்கர் சோதனை என்றுதான் பெயர்.

இதனால் நம் ஊர்ப் பட்டறைகள் சாமி மாதிரி நம்பும் ஒரு சாமான் அடிபட்டுப்போகிறது. ஸ்பிரிங் வாஷர். நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட், நட்டுக் கையேடு அதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறது: சரியான அளவுக்கு முறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடும், அதன்பின் அது சாதாரண தட்டு வாஷர்தான், பூட்டிப் பிடிக்கும் சக்தி அதற்குக் கிடையாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை ஸ்பிரிங் வாஷரை எத்தனை நம்பிக்கையோடு போட்டிருப்பேன்!

ஆகவே முதல் மருந்து முறுக்குதான். 8.8 என்று தலையில் அடித்த போல்ட், காய்ந்த மரை என்றால், எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25, எம்10-க்கு 50-க்குப் பக்கம். அலுமினியத்துக்குள் போகும் போல்ட் என்றால் வண்டிப் புத்தகம் சொல்கிற அளவுதான் கணக்கு, அது இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் சரி. த்ரெட் லாக் போட்டால் மரை கொஞ்சம் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். வண்டிப் புத்தகத்தில் 'த்ரெட் லாக் போட்டு இத்தனை' என்று எழுதியிருந்தால் அந்த எண்ணையே பின்பற்றுங்கள், சொந்தக் கணக்கு வேண்டாம்.

போல்ட்டையும் நல்லதாக வாங்குங்கள். சென்னை பாடியில் 1966 முதல் போல்ட் செய்துவரும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் சரக்கை நம் ஊரில் டிவிஎஸ் போல்ட் என்று கேட்டால்தான் தருவார்கள். கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும், தலையில் எதுவும் அடிக்காத போல்ட்டைப் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் போடாதீர்கள். எந்தப் பசையும் மட்டமான போல்ட்டை நல்லதாக்காது.

இனி பசை.

பாட்டிலை வாங்கிய எல்லோரும் முதலில் சொல்லும் குறை, "பாதிதான் ஊத்திருக்கான், ஏமாத்திட்டான்" என்பது. என் சித்தப்பா மகன் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டான். ஏமாற்று இல்லை, பாட்டில் முழுக்க ஊற்றினால்தான் அது கெட்டுப்போகும். இந்தப் பசை காற்று இருக்கும்வரை தண்ணீராக இருக்கும். காற்று இல்லாமல் போனால் கெட்டியாகும். நம் வீட்டுப் பசைகளுக்கு நேர் தலைகீழ். அதனால்தான் பாட்டிலில் பாதிக்குக் காற்றுக்கு இடம் விடுகிறார்கள். காற்று ஊடுருவும் பாலித்தீனில் பாட்டிலைச் செய்கிறார்கள். சிலர் இரண்டு பாட்டிலில் மீந்ததை ஒன்றாக நிரப்பி வைப்பார்கள். செய்யாதீர்கள்.

இதன் பிறப்பும் சுவையானது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இந்த வகைப் பசை முதலில் கிடைத்தபோது, அதைக் கெட்டியாகாமல் வைத்திருக்க ஓயாமல் காற்றைக் குமிழ் குமிழாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சாமானை யார் கடையில் வைத்து விற்பார்கள்? ஹார்ட்ஃபோர்டு நகரில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிளுக்கு, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த தன் மகன் மூலம் இது தெரியவந்தது. அவர் 1953-இல் பாட்டிலில் அடைத்து வைக்கக்கூடிய கலவையைக் கண்டுபிடித்தார். 1956-இல் லாக்டைட் என்ற பெயரில் அது வெளியே வந்தது. 1997-இல் ஜெர்மனியின் ஹெங்கல் கம்பெனி அந்த நிறுவனத்தை வாங்கியது. நாம் எந்தக் கம்பெனி பாட்டிலையும் லாக்டைட் என்றே சொல்வது, எந்த நகல் மிஷினையும் ஜெராக்ஸ் என்பது மாதிரி.

காற்று இல்லாதது மட்டும் போதாது, உலோகமும் வேண்டும். இரும்பு, செம்பு, பித்தளை ஆகியவற்றின் மேற்பரப்பு அந்த ரசாயன வேலையைத் தூண்டிவிடுகிறது. சக்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சாக்கரினும் இதில் வேகம் கூட்டும் பொருளாகச் சேர்க்கப்படுவது உண்டு. இரும்பில் கால்மணி நேரத்தில் பிடிக்கத் தொடங்கி, ஒரு நாளில் முழுவலு பெறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துத்தநாக முலாம் போட்ட போல்ட், அலுமினியம் இவற்றில் மந்தமாகத்தான் நடக்கும். பளபளப்புக்காகப் பையன்கள் எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் மாற்றிவிட்டு, ராத்திரி போட்டு காலையில் கிளம்பிவிடுகிறார்கள். அவற்றுக்கு ஆக்டிவேட்டர் என்று தனி ஸ்பிரே உண்டு. இல்லையென்றால் இன்னொரு நாள் பொறுத்திருங்கள்.

நிறத்துக்கு வருகிறேன். ஊதா, நீலம், சிவப்பு, பச்சை. லாக்டைட் கணக்கில் ஊதாவான 222 கம்மி வலு; சின்ன ஸ்குருவுக்கு. நீலமான 242, 243 நடுத்தரம்; கைக்கருவியாலேயே கழற்றலாம். சிவப்பில் 262, 271 போன்றவை அதிவலு. சூடு இல்லாமல் கழலாது. பச்சையில் 290 என்பது, ஏற்கெனவே முறுக்கிவிட்ட ஸ்குருவின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் திரியில் எண்ணெய் ஏறுவது போல மரைக்குள் தானே இறங்கும். ஆனால் இந்த நிறங்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சட்டமில்லை. ஜப்பானின் த்ரீபாண்டுக்கு எண்கள் வேறு. சென்னையில் தயாராகும் அனபாண்டுக்கு எண்கள் வேறு. நிறத்தைப் பார்த்து வாங்காமல், பாட்டிலில் உள்ள எண்ணையும் 'மீடியம்', 'ஹை' என்ற வார்த்தையையும் படித்து வாங்குங்கள்.

அனபாண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மெக்கானிக்குகளிடம் அந்தப் பெயர் கேஸ்கெட் பசைக்கே நின்றுவிட்டது. 666 என்ற அந்த டியூப் சிலிகான். ஆயில் ஒழுகாமல் அடைப்பதற்கு அருமையான சாமான். "மரைக்கு அனபாண்ட் போடு" என்று ஒருவர் சொல்ல, பையன் அந்த சிலிகானை போல்ட்டில் தடவி முறுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அது மரையைப் பூட்டாது. ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்து, முறுக்கையும் சரியாகக் காட்டாது. அதே கம்பெனி த்ரெட் லாக்கும் செய்கிறது. கேட்டு வாங்க வேண்டும். ஃபெவிக்விக் போடுபவர்களும் உண்டு. அது காற்றின் ஈரத்தில் இறுகும் பசை; முறுக்கி முடிப்பதற்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், அதிர்ச்சியில் கண்ணாடி மாதிரி உடையும், சூடு தாங்காது. அதை வீட்டில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம், இது நம் பட்டறை பாஷையால் வருவது. நாம் போல்ட்டை ஸ்பேனர் கணக்கில் சொல்கிறோம். 'பத்து நம்பர் போல்ட்' என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற போல்ட். அதன் மரை எம்6. 'பன்னெண்டு நம்பர்', 'பதிமூணு நம்பர்' என்பதன் மரை எம்8. 'பதினாலு', 'பதினேழு' எம்10. பாட்டிலின் பின்னால் எழுதியிருப்பதோ மரையின் அளவு. 'எம்10 வரைக்கும்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பத்து நம்பர் போல்ட்டு என்று நினைத்து எம்6-இல் அதிவலுப் பசையைப் போடுகிறவர்கள் ஏராளம். எம்6 போல்ட்டின் தண்டு பென்சிலைவிட ஒல்லி. அதில் சிவப்பைப் போட்டால், திரும்பத் திருகும்போது பசை விடுவதற்குள் போல்ட் முறிந்துவிடும். எம்6-க்கும் அதற்குக் கீழும் சிவப்பு வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானம். அதைப் போடச் சொல்லி வண்டிப் புத்தகமே எழுதியிருந்தால் மட்டும் போடுவேன்.

எங்கே எதைப் போடுவது என்று பட்டியலாகக் கேட்கிறார்கள். அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டால் பட்டியல் தானாக வரும். என் டிஸ்க் போல்ட் எம்8, தேயும் சாமான், அடுத்துக் கழற்றுவது நானோ ரோட்டோர மெக்கானிக்கோ, கையில் ஆலன் கீ மட்டும் இருக்கும். அப்படியென்றால் நீலம். அதுவும் புது போல்ட்டில். செயின் ஸ்பிராக்கெட் நட்டும் அப்படியே. காலிப்பர் மவுண்டிங், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், சைடு ஸ்டாண்டு, கிராஷ் கார்டு, பின்னால் பால் கேன் கட்டும் கேரியர் எல்லாமே நீலம். எக்ஸெல்லில் எந்நேரமும் உரமூட்டை, புல்லுக்கட்டு என்று ஏற்றி ஓட்டுவதால் கேரியர் போல்ட்டுகள்தான் எங்கள் வீட்டில் முதலில் ஆட்டம் காணும். நீலம் போட்டபின் ஒரு வெள்ளாமை முழுக்க அவை நின்றன.

ஊதா எனக்குப் பிடித்தது, ஆனால் நம் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர் மூடியின் ஸ்குரு, ஸ்விட்ச் கிளாம்பு, ஸ்பீடோமீட்டர் பிராக்கெட் என்று ஸ்குருடிரைவரால் கழற்றும் இடங்களுக்கு அதுதான். கிடைக்காதபோது, அந்த இடங்களில் நீலத்தையும் போடாமல் சும்மா முறுக்கி, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஸ்குருவின் தலை வழுக்கிப் போவதைவிட அது மேல்.

சிவப்பு எங்கே? என்ஜினைப் பிரித்தால் மட்டும் தெரியும் சில ஸ்டட்டுகள், ஒருமுறை இறுக்கினால் வண்டியின் ஆயுள் முழுக்க யாரும் தொடக்கூடாத போல்ட்டுகள். சாதாரணமாக வீட்டில் வண்டி பார்ப்பவனுக்கு அந்த பாட்டிலே வேண்டியதில்லை. என் சிவப்பு பாட்டிலை லேத் அண்ணாச்சியிடமே கொடுத்துவிட்டேன். அவருக்கு அது உபயோகப்படும், சூடுபண்ணத் தெரிந்தவர்.

எதையுமே போடக்கூடாத இடங்கள்தான் உயிர்ச்சேதம் வரும் இடங்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கார், டிராக்டர், ஆட்டோ வீல் நட்டுகளில் போடாதீர்கள். அவற்றைப் பிடிப்பது சரிவான இருக்கையும் சரியான முறுக்கும்தான். பசை வழுக்கி முறுக்குக் கணக்கைக் குழப்பும், நடுரோட்டில் பஞ்சர் ஆனால் ஜாக்கியோடு வரும் ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. ஆக்ஸில் நட்டில் ஸ்பிளிட் பின் இருந்தால் அந்தப் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பசை அதற்கு மாற்று ஆகாது. ஆயில் டிரெயின் பிளக், ஸ்பார்க் பிளக் இரண்டும் அடிக்கடி கழலும் சாமான்கள், அலுமினியத்தில் இருப்பவை. அங்கே பசையைப் போட்டால் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். சைலென்சர் என்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டு இருக்குமே, அங்கே வரும் சூட்டுக்கு இந்தப் பசை நிற்காது. நீலம் ஏறக்குறைய 150 முதல் 180 டிகிரி வரைதான் தாங்கும். அங்கே பசை சாம்பலாகிப் போய்விடும், அது போனது வெளியே தெரியவும் செய்யாது.

பிளாஸ்டிக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஹெட்லைட் டோம், ஃபேரிங், இண்டிகேட்டர் இவற்றின் ஸ்குருக்களில் ஒரு சொட்டுப் பட்டால்கூடச் சில வகைப் பிளாஸ்டிக்கில் முடிபோல விரிசல் ஓடும். அன்றைக்குத் தெரியாது. சில வாரம் கழித்து ஸ்குரு இருக்கும் காதே உடைந்து கையில் வரும். பிளாஸ்டிக்குக்கு நைலாக் நட்டு அல்லது ரப்பர் வாஷர் போதும்.

ரொட்டவேட்டர் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள், கத்தி போல்ட்டுக்கு என்ன போடலாம் என்று. நான் என்ன நினைக்கிறேன் என்றால், பசையே வேண்டாம். கரிசல் மண் தேய்த்துத் தேய்த்துக் கத்தி சீக்கிரம் மெலிந்துவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் மரையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைப்பதும் நடக்காத காரியம். ஒவ்வொரு முறையும் புது போல்ட், புது நட்டு. முறுக்கிவிட்டு ஒரு மணி நேரம் உழுதபின் இறங்கி மறுபடி முறுக்குங்கள். அந்த இரண்டாவது முறுக்குதான் அங்கே முக்கியம். பெயின்ட், துரு, மண் எல்லாம் அமுங்கியதும் முதல் முறுக்கு தளர்ந்திருக்கும். கியர்பாக்ஸ் பிளேட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு மட்டும் சுத்தம் பண்ணி நீலம் போடுங்கள்.

பேரிங் ஹப்பில் ஆடினால் நம்மவர்கள் சென்டர் பஞ்ச்சால் சுற்றிலும் குத்தி, அந்த மேடுகளில் பேரிங்கை அடித்து உட்கார வைப்பார்கள். பஞ்ச் அடித்த பேரிங் சில நூறு கிலோமீட்டரில் திரும்ப ஆடும், ஏனென்றால் அந்த மேடுகள்தான் முதலில் தேயும். இதற்கு 641 என்று இதே குடும்பத்தைச் சேர்ந்த திரவம் உண்டு. பேரிங்கைப் பிறகு கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைத்தே செய்தது. இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் உதவும். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் ஹப்பை லேத்தில் கொடுத்து புஷ் போட வேண்டும், குறுக்கு வழி இல்லை.

போடும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிய போல்ட்டில் எண்ணெய்ப் படலம் நிற்கும். பசை உலோகத்தைத் தொடவே தொடாது. பட்டறைத் தட்டில் பத்து வேலைக்குக் கிடந்த பெட்ரோலும் அப்படித்தான். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். 243 கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், அதனால் நம் வேலைக்கு 242-ஐவிட அதுவே மேல். ஆனால் துடைக்காமல் போடுவதற்கு அதைச் சாக்காக வைக்காதீர்கள். பழைய பசை மரையில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தால் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

நட்டு போகும் போல்ட் என்றால், நட்டு உட்காரப்போகும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு, மரையின் சுற்றளவில் ஒரு பட்டை. அடைப்பான துளைக்குள் போகும் போல்ட் என்றால், பசையைத் துளைக்குள் விடுங்கள். போல்ட்டில் தடவி இறக்கினால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியே வரும்போது பசையையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். துளைக்குள் விட்டால் அதே காற்று பசையை மரை நெடுக மேலேற்றும். இதைக் கேட்டபோது அடடா என்றிருந்தது எனக்கு. நிறைய ஊற்றினால் நிறையப் பிடிக்கும் என்பதும் இல்லை. வழிந்தது வெளிக்காற்றில் பிசுபிசுத்துக்கொண்டே கிடந்து, புழுதியைச் சேர்க்கும். முறுக்கி முடித்தபின் மனசு கேட்காமல் அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்காதீர்கள். பிடித்த பசை அறுந்துவிட்டால் திரும்ப ஒட்டாது. கழற்றித் துடைத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

பாட்டில் நல்லதா என்று சந்தேகம் இருந்தால், இப்படிச் சோதியுங்கள். பழைய இரும்பு போல்ட் நட்டு ஒன்றைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, இறுக்காமல் பாதி மரையில் நிறுத்தி, ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் விரலால் நட்டு சுற்றினால் பாட்டில் செத்துவிட்டது. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்காக நிற்கும் பாட்டில்களை நான் வாங்குவதில்லை. தேதியும் பார்ப்பேன்.

சிவப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: பைப் போட்டு இழுக்காதீர்கள், நான் செய்த தப்பு அது. போல்ட்டின் தலையை 250 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கி, சூட்டோடேயே திருக வேண்டும். ஆறவிட்டுத் திருகினால் பிரயோசனமில்லை. சின்ன ஸ்குரு என்றால் சால்டரிங் அயர்னைத் தலைக்குழியில் சில நிமிடம் வைத்தாலே விடும். பெட்ரோல் டேங்கையும் டியூபையும் முதலில் கழற்றித் தூர வையுங்கள், சற்றுமுன் பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள், வரும் புகையை மூச்சில் இழுக்காதீர்கள். பேரிங்கும் ஆயில் சீலும் பக்கத்தில் இருந்தால் அவை போகும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

எங்கள் பக்கத்துக் காடுகளில் காற்றாடிகள் நிற்பது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் அவை இரவு பகலாகச் சுற்றும். அதில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவன், கோபுரத்தின் இரும்பு வளையங்களைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பற்றிச் சொன்னான். குழந்தையின் கை மொத்தம் இருக்குமாம் ஒவ்வொன்றும்.

"அதுக்கு என்ன பசை மாப்ள போடுவீங்க?"

"பசையா? ஒண்ணும் கெடையாது மச்சான். மிஷின வச்சு அளந்து முறுக்குவோம். முறுக்கி முடிச்சதும் போல்ட்டுத் தலையில இருந்து இரும்பு வரைக்கும் பெயின்ட்டு மார்க்கர்ல ஒரு கோடு. அடுத்த தடவ ஏறும்போது கோடு ஒடஞ்சிருந்தா நட்டு சுத்தியிருக்குன்னு அர்த்தம். டார்ச் அடிச்சாலே தெரிஞ்சிரும்."

அன்றைக்கே சங்கரன்கோவிலில் ஒரு மஞ்சள் பெயின்ட் மார்க்கர் வாங்கினேன். இப்போது என் பைக்கிலும் எக்ஸெல்லிலும் நீலம் போட்ட ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் கோடு இருக்கிறது. வண்டி துடைக்கும்போது குனிந்து ஒரு பார்வை. ஒரு வருடத்தில் ஒரே ஒரு கோடுதான் உடைந்திருந்தது: சைடு ஸ்டாண்டு போல்ட், துத்தநாக முலாம் போட்டது, நான் ஆக்டிவேட்டர் இல்லாமல் போட்டுவிட்டு மறுநாளே கிளம்பியது. கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை.

போன வாரம் கல்லூரிப் பையன் ஒருவன் புது சக்கரம் மாற்ற வந்தான். அவன் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல். டிஸ்க்கை எப்படிக் கழற்றுவது என்று கேட்டான். பேசுவதைவிடக் காட்டுவது நல்லது என்று என் சக்கரத்தையே கழற்றி, ஆலன் கீயை அவன் கையில் கொடுத்தேன். பைப் எதுவும் இல்லை.

"அண்ணே, லாக்டைட் போட்டிருக்குன்னு சொன்னீங்க. கழலுமா?"

"நீதான் கழட்டுதே. ஒரே சீரா அழுத்து, வெட்டி இழுக்காத."

அவன் அழுத்தினான். 'டக்' என்று விட்டது. அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இறுக்கமாக, மணல் அரைபடுவது போல் வந்தது போல்ட். மரையின் இடுக்கிலிருந்து நீலம் கலந்த வெள்ளைப் பொடி தரையில் விரித்திருந்த தினத்தந்தி மேல் உதிர்ந்தது. ஐந்தையும் அவனே எடுத்து வரிசையாக அடுக்கினான். குழி ஒன்றுகூட வழுக்கவில்லை. மாட்டுவதற்குப் புது போல்ட் எடுத்துத்தர உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அவன் கம்பி பிரஷ்ஷை எடுத்து வீல் மரையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.